கால் கழுவாமல் வந்தவர்கள்

அந்த நாட்டின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அதன் நான்கு பகுதிகளின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மலைநாடு, வயல்நாடு, கரைநாடு, பொட்டல்நாடு. நான்கும் கூடும் இடத்தில் தலைநகர் இருந்தது.

ஆண்டுதோறும் சித்திரையில் அரண்மனையில் வரிசை மன்றம் கூடும். பகுதிக்கு ஒருவராக எழுந்து தன் மண்ணின் அழகைச் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் அரசர் வரிசை சொல்வார். அந்த ஆண்டுத் தேரோட்டத்தில் மக்கள் அந்த வரிசைப்படிதான் நடக்க வேண்டும். முதல் மூன்று இடங்கள் மாறி மாறி வரும். நான்காம் இடம் மாறியதே இல்லை. அது பொட்டல்நாட்டுக்கு எழுதி வைத்தது போல இருந்தது.

பொட்டல்நாட்டுக்குப் பேசுகிறவர் மாசானம். ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்சம் ஆடு, கொஞ்சம் பனை, மழை பெய்தால் கம்பு விளைகிற நிலம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா பேசித் தோற்றிருந்தார். அப்பா ஒரு முறை பானையில் தாமரை வளர்த்து அரண்மனைக்குத் தூக்கிப் போனார். எங்கள் ஊரிலும் தாமரை உண்டு என்று சொல்ல நினைத்தார். போய்ச் சேருவதற்குள் அது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

மாசானம் போன ஆண்டு அருவியைப் பற்றிப் பேசினார். "எங்க ஊர்லயும் ஒரு அருவி உண்டு. மழைக்காலத்துல பாறையில வழியும்" என்றார்.

"அது குளிக்கவா, கும்பிடவா?" என்று கேட்டார் வயல்நாட்டுப் பேச்சாளர் ஐயாறப்பன்.

மன்றம் சிரித்து ஓய வெகு நேரம் ஆனது.

அதன் பிறகுதான் மாசானம் உமையாளைத் தேடிப் போனார். தலைநகருக்கு வெளியே, சாலைகள் பிரியும் இடத்தில் உமையாள் பேச்சுக் கற்றுக்கொடுத்தார். கரைநாட்டில் பிறந்தவர். நான்கு பகுதிகளையும் நடந்து பார்த்தவர். மாசானத்தைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஐம்பது தாண்டி வந்து நிற்கிற மாணவரை அவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை மாசானம் வாசலில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது. உமையாள் வேகமாக எழுந்து வந்தார். மாசானத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு "உள்ள வாங்க அண்ணாச்சி" என்றார்.

தன் குரலில் ஏதோ இருக்கிறது என்று மாசானம் அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு தோற்றால் சிரிப்போடு போகாது. குதிரைப்படை பெருத்துவிட்டது, மைதானம் போதவில்லை. வரிசையில் கடைசியாக வரும் பகுதியைப் படைக்குக் கொடுத்துவிடலாம், அங்குள்ள ஊர்களைக் கலைத்து ஆட்களை மற்ற மூன்று இடங்களில் குடிவைத்துவிடலாம் என்று படைத்தலைவர் சொன்னார். அரசரும் தலையாட்டிவிட்டார். கடைசி எது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மன்றத்துக்கு இரண்டு நாள் முன்பு மாசானம் ஆசானின் முன்னால் போய் உட்கார்ந்தார். உமையாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"நாலு பக்கமும் நடந்து பார்த்தவங்க நீங்க. எனக்காக ஒண்ணும் கூட்டாம குறைக்காம சொல்லுங்க. நாலுல எது அழகு?"

உமையாள் ஒரு காம்பை உருவிப் போட்டார்.

"ஊருக்குப் போயிட்டுத்தானே மன்றத்துக்குப் போறீங்க?"

"ஆமா. ஆளுங்க எல்லாம் அங்கேயிருந்துதான் கிளம்புறாங்க."

"அப்ப கால் கழுவாம போங்க."

மாசானம் காத்திருந்தார்.

"அவ்வளவுதானா அம்மா?"

"அவ்வளவுதான்."

"ஒரு வருசமா படிக்கிறேன். எங்க மூச்சு விடணும், எங்க நிறுத்தணும்னு சொல்லிக் கொடுத்தீங்க. இப்ப போய் காலைப் பத்திச் சொல்றீங்களே."

"வாயைப் பத்திச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சே" என்று உமையாள் அடுத்த காம்பை எடுத்தார்.

பொட்டல்நாட்டாருக்கு அது லேசான காரியம் இல்லை. ஊரில் அவர்கள் காலுக்கென்று தண்ணீர் செலவழிக்க மாட்டார்கள். ஆனால் தலைநகருக்குப் போகும்போது, மேற்கு வாசலுக்கு முன்னால் இருக்கிற கடைசிக் குளத்தில் எல்லோரும் இறங்குவார்கள். செம்மண் ஒரு பொட்டு இல்லாமல் முழங்கால் வரை தேய்ப்பார்கள். தலைப்பாகையை அலசிப் பிழிந்து கட்டுவார்கள். கொஞ்சம் சந்தனமும் பூசிக்கொள்வார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று காலைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

விடிந்த பிறகு கிளம்பிய கூட்டம் வெயில் ஏறும்போது அந்தக் குளத்துக்கு வந்தது. மாசானத்தின் மைத்துனர் பிச்சாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படியில் கால் வைத்தார்.

"இறங்காதே" என்றார் மாசானம்.

"ஏன், முதலையா?"

"கழுவாம போகச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"ஆசான்."

பிச்சாண்டி தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை சிவப்பு. புருவத்திலும் சிவப்பு.

"மச்சான், போன வருசம் கழுவிட்டுப் போனோம். அப்பவே சிரிச்சாங்க. இப்படியே போனா வாசல்ல நாயை விடுவாங்க."

"விடட்டும்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கீரை உருவினாங்க."

பிச்சாண்டி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? ஊரு போகப் போவுது. ஆசானம்மா கீரை உருவினாங்களாம்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் குளத்தில் இறங்கவும் இல்லை. மாசானம் முன்னால் நடந்தார். அவருக்கும் காரணம் தெரியாது. ஒரு வருடம் ஒருவர் சொல்லைக் கேட்டுவிட்டு, கடைசி நாளில் கேட்காமல் போவது மரியாதை இல்லை என்று மட்டும் தோன்றியது.

அரண்மனை வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெண்கல அண்டா இருந்தது. மன்றத்தன்று ஒவ்வொரு பகுதியின் பேச்சாளரும் தன் மண்ணின் தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஊற்ற வேண்டும். மலைநாட்டார் மூங்கில் குழாயில் அருவி நீர் கொண்டுவருவார்கள். வயல்நாட்டார் செப்புக் குடத்தில் ஆற்று நீர். கரைநாட்டார் மணலைத் தோண்டி எடுத்த ஊற்று நீர். பொட்டல்நாட்டுக்கு மட்டும் விலக்கு. அதை அன்போடுதான் கொடுத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டவர்களுக்கு அது அன்பாகத் தெரியவில்லை. கலந்த அந்தத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டுதான் எல்லோரும் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும்.

"கால் கழுவுங்க" என்றான் காவலன்.

"வேண்டாம்" என்றார் மாசானம்.

காவலன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "வேண்டாமா? பெரியவரே, கீழே பளிங்கு."

"எங்க ஆசான் சொல்."

"அப்ப உங்க ஆசான் வீட்டுல போய் உட்காருங்க."

சத்தம் கேட்டு அதிகாரி ஒருவர் வந்தார். பேச வந்தவரைத் திருப்பி அனுப்பினால் மன்றம் செல்லாது. அழுக்குக் காலோடு உள்ளே விட்டால் அவர் வேலை செல்லாது. கொஞ்சம் யோசித்து, மண்டபத்துக்கு எதிரே இருந்த திறந்த முற்றத்தைக் காட்டினார். கருங்கல் பாவிய முற்றம். மேலே கூரை கிடையாது.

"அங்கே நில்லுங்க. கூப்பிட்டா அங்கேயிருந்தே பேசுங்க."

மற்ற மூன்று பகுதியாரும் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பொட்டல்நாட்டார் வெயிலில் நின்றார்கள். கல் கொதித்தது. பிச்சாண்டி தலைப்பாகையை அவிழ்த்து விசிறிக்கொண்டார். அதிலிருந்து செம்புழுதி கொட்டியது. அவரைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்து உதறினார்கள். முற்றம் கொஞ்ச நேரத்தில் சிவந்துவிட்டது.

"இருக்கிற பேரையும் கெடுத்தாச்சு" என்றார் பிச்சாண்டி.

மலைநாட்டார் பேசினார். மேகம் வீட்டுக்குள் வந்து போவதைச் சொன்னார், குறிஞ்சி பூத்து மலையே நிறம் மாறுவதைச் சொன்னார். கரைநாட்டார் பேசினார். விடியலில் கட்டுமரங்கள் வரிசையாகக் கரை திரும்புவதைச் சொல்லும்போது அரசர் முன்னால் சாய்ந்து கேட்டார். ஐயாறப்பன் மூன்றாவதாக எழுந்தார். நாற்று நட்ட வயலில் வானம் துண்டு துண்டாகக் கிடப்பதையும், கொக்கு வந்து இறங்கினால் அது கலைந்து மறுபடி கூடுவதையும் சொன்னார். நன்றாகவே சொன்னார். வெயிலில் நின்றுகொண்டு மாசானமே தலையாட்டினார்.

"பொட்டல்நாடு" என்று கூப்பிட்டார்கள்.

மாசானம் ஒரு வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மானைப் பற்றி ஒரு பகுதி. பனங்காட்டில் சூரியன் இறங்குவதைப் பற்றி ஒரு பகுதி. அருவியை எடுத்துவிட்டு ஒரு சுனையைச் சேர்த்திருந்தார். வாயைத் திறந்தபோது காலைப் பார்த்தார். இந்தக் காலை வைத்துக்கொண்டு சுனையைப் பற்றிப் பேச முடியாது என்று தோன்றியது.

"மகாராசா, எங்க ஊர்ல அருவி கிடையாது" என்றார். "போன வருசம் உண்டுன்னு சொன்னேன். அது பொய்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு.

"ஆறு கிடையாது. கடல் கிடையாது. பச்சைன்னு சொல்ல உடைமரம்தான். அதுலயும் பாதி முள்ளு."

"அப்ப என்னதான் இருக்கு?" என்று ஐயாறப்பன் கேட்டார்.

"மண்ணு இருக்கு. நாங்க இருக்கோம்."

"இருந்து என்ன செய்றீங்க?"

"மழைக்குக் காத்திருக்கோம்."

ஐயாறப்பன் மண்டபத்தின் பக்கம் திரும்பினார். "வரும்போது குளிச்சிட்டு வந்து காத்திருக்கக் கூடாதா? அரசே, மண்ணைப் பத்திப் பேச வந்தவர் மண்ணையே கொண்டுவந்து முற்றத்துல கொட்டிட்டார். முதல்ல இவங்க காலைக் கழுவச் சொல்லுங்க. அப்புறம் வரிசை சொல்லலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அரசர் சிரிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. அவருக்குப் பசி. பளிங்கின் ஓரம் வரை செம்மண் வந்திருந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அண்டாவைக் கொண்டுவாங்க" என்றார். "அப்படியே ஊத்துங்க."

எட்டுப் பேர் தூக்கி வந்து சாய்த்தார்கள். தண்ணீர் பொட்டல்நாட்டாரின் கால்களில் விழுந்து, சிவந்த கல்லில் பாய்ந்து முற்றம் முழுக்கப் பரவியது. கொதித்த கல் உஸ்ஸென்றது.

அப்போது அந்த வாசனை எழுந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மலைநாட்டார் கண்ணை மூடிக்கொண்டார். கரைநாட்டார் எழுந்து மண்டபத்தின் விளிம்புக்கு வந்து மேலே பார்த்தார். லாயத்தில் குதிரைகள் கனைத்தன. அரண்மனை மாடியில் திடீரென்று ஒரு கூச்சல்.

"மழை வருது! அடியே, வத்தலை எடுங்கடி! மிளகாய் நனையப் போவுது!"

மாடியில் கால்கள் தடதடவென்று ஓடின. முறங்களும் பாய்களும் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ கொடியிலிருந்து சேலையை இழுத்தார்கள். மடைப்பள்ளி ஆட்கள் காய வைத்த விறகைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அரசர் ஆசனத்தை விட்டு எழுந்தார். படி இறங்கி, செருப்பில்லாமல், ஈர முற்றத்துக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சூரியன் உச்சியில் நின்றது.

"மழை எங்கே?" என்று கேட்டார்.

மாசானத்துக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. ஒரு வருடம் படித்த மூச்சு இப்போது தானாக வந்தது.

"இது மழை இல்ல மகாராசா" என்றார். "இதுதான் எங்க ஊரு."

அரசர் குனிந்தார். கல்லில் கிடந்த ஈர மண்ணை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"அங்கே எப்பவும் இப்படியா?"

"முதல் மழைக்கு மட்டும். ஊரே வெளியே வந்து நிக்கும். பேச்சு இருக்காது. ஆடு மாடுகூட மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். பத்து மாசம் காய்ஞ்சாத்தான் இது வரும். அந்தப் பத்து மாசத்தை நீங்க பொட்டல்னு சொல்றீங்க."

மலைநாட்டார் முதலில் வாயைத் திறந்தார். "எங்க பக்கம் மண்ணு காயவே காயாது. சின்ன வயசுல ஒரு வருசம் மழை தப்பினப்ப இந்த வாசனை வந்துச்சு. அதோட இன்னிக்குத்தான்."

அரசர் ஐயாறப்பனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஐயாறப்பன் மண்டபத்தின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை.

"இன்னும் ஒரு செம்பு ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

"ஊத்தினாலும் வராது ஐயா" என்றார் மாசானம். "நனைஞ்சாச்சு. இனி அடுத்த வருசந்தான்."

அரசர் படைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஈரமண்ணில் நின்றபடி ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"குதிரைக்கு வேற இடம் பாருங்க" என்றார் அரசர்.

"பார்க்கிறேன் அரசே."

அன்றைக்கு வரிசை சொல்ல அரசருக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. பொட்டல்நாடு முதல். முற்றத்தில் நின்றவர்கள் முதலில் கேட்டது சரிதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிச்சாண்டி தலைப்பாகையை மேலே தூக்கி எறிந்தார். அது திரும்பி ஒரு காவலன் தலையில் விழுந்தது. அவன் அதை எடுத்து, தட்டாமல், அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் தேரோட்டம். தேருக்கு முன்னால் பொட்டல்நாட்டார் நடந்தார்கள். செய்தி இரவோடு இரவாக ஊருக்குப் போய், விடிவதற்குள் இன்னும் நூறு நூறாக வந்து சேர்ந்திருந்தார்கள். அன்று கடைசிக் குளத்தில் ஒருவரும் இறங்கவில்லை. கிழவிகள்கூட முழங்கால் வரை சிவப்போடு நடந்தார்கள். தெருவின் இருபக்கமும் நின்றவர்கள் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தேர் நிலைக்கு வந்ததும் மாசானம் கழுத்து நிறைய மாலையோடு ஆசான் வீட்டுக்குப் போனார். மேளமும் கூட்டமும் பின்னாலேயே போயின. பிச்சாண்டி வாசலிலேயே ஆடத் தொடங்கிவிட்டார்.

உமையாள் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஜெயிச்சாச்சு."

"மேளம் கேட்டுச்சு அண்ணாச்சி."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மூணாவது தடவை நீங்க வாசல்ல நின்னப்ப தூறல் விழுந்துச்சு. அந்த வாசனைக்கு, அடுப்புல வச்ச பாலை விட்டுட்டு எழுந்து ஓடிவந்தேன். பால் பொங்கிப் போச்சு. வந்து பார்த்தா நீங்க நிக்கிறீங்க. காலெல்லாம் செம்மண்ணு."



"அப்ப என் குரலுக்காகச் சேர்த்துக்கலையா?"

"உங்க குரலா?" என்று உமையாள் சிரித்தார்.

மாசானத்துக்கும் சிரிப்பு வந்தது. வெளியே மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். பிச்சாண்டி, "மச்சான், வாங்க, ஆசானம்மாவையும் கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினார்.

மாசானம் கிளம்பினார். நாலு அடி போனவர் திரும்பி வந்தார். இந்தக் கேள்விக்கு இனி ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்ற நிம்மதியோடு மாலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே அம்மா. இப்ப ஊரே சொல்லியாச்சு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலுல எது அழகு?"

உமையாள் கையிலிருந்த ஈரத்துணியை உதறினார்.

"மண்ணு உங்களுது அண்ணாச்சி. அண்டாவுல இருந்த தண்ணி யாருது?"